பிரஸ் மேல் வைத்த இடது கை

1

போன செவ்வாய்க்கிழமை காலை, நான் வேலை செய்யும் கூடத்தில் ஒரு ரோபோ என் அண்ணனைப் போல் நின்றது. இங்கே யாரிடமும் இதை இந்த வார்த்தைகளில் சொல்ல முடியாது. சொன்னால் விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஆகவே ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். உடனே நம்ப வேண்டாம். முழுசாகப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தென் ஜெர்மனியில் ஒரு சிறு நகரத்துக்கு வந்து இந்த மாதத்தோடு எட்டு வருடம் ஆகிறது. ரோபோக்களுக்குத் தொழிற்சாலை வேலை கற்றுக்கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் இருக்கிறேன். எங்கள் ஊரான கல்லாவியில் என் அம்மா, 'எங்க செல்வி ரோபோ செய்யுது' என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார். நான் ஒரு திருகாணிகூடச் செய்ததில்லை. திரைக்கு முன்னால் உட்கார்ந்து, உலகத்தின் எந்தெந்த மூலையிலோ ஆட்கள் வேலை செய்யும் காணொளிகளைப் பார்த்து, ஒவ்வோர் அசைவுக்கும் பெயர் எழுதுவதுதான் என் உத்தியோகம். இப்போது எடுக்கிறார், இப்போது வைக்கிறார், இப்போது துடைக்கிறார். நான் எழுதுகிறபடி ரோபோ கற்றுக்கொள்ளும்.

அந்த ஆட்கள் நெற்றியில் ஒரு கேமரா கட்டியிருப்பார்கள். கையில் உணரிகள் வைத்துத் தைத்த கையுறை. அவர்கள் பார்ப்பதை நான் பார்ப்பேன். முகம் கிடையாது, பெயர் கிடையாது. இங்குள்ள சட்டப்படி குரல் பதிவாகக் கூடாது என்பதால் மொத்தச் சத்தத்தையும் எடுத்துவிடுவார்கள். மிச்சம் இருப்பது, ஓசையே இல்லாமல் நாள் முழுவதும் உழைத்துக்கொண்டிருக்கும் இரண்டு கையுறைகள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கண்ணை மூடினாலும் அவை ஓயவில்லை. சோற்றைப் பிசையும்போது என் கையையே ஒரு நிமிடம் உற்றுப் பார்த்திருக்கிறேன். அப்புறம் பழகிவிட்டது. மனுஷி எதற்குத்தான் பழக மாட்டாள்.

ஊர்ப் பெயரையும் மறைத்துவிடுவார்கள். ஒரு தொகுப்புக்கு 'ஆசியா நான்கு' என்று பெயர். ஆனால் அதில் ஒரு நாள் இயந்திரத்தின் ஓரத்தில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கின. பின்சுவரில் 'கை கவனம்' என்று தமிழிலும், அதற்குக் கீழே கன்னடத்திலும் எழுதியிருந்தது. அந்த இரண்டு எழுத்தும் ஒரே சுவரில் இருந்தால் எந்த ஊர் என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம். ஓசூர்ப் பக்கம்தான். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் ஊர்க் கைகள் ஜெர்மன் ரோபோவுக்குப் பாடம் எடுக்கின்றன என்று அன்று முழுவதும் ஒரு கர்வம் இருந்தது.

2

என் அண்ணன் மாதப்பன் என்னைவிட ஒன்பது வயது பெரியவர். பத்தொன்பது வயதில் கல்லாவியிலிருந்து பஸ் ஏறி ஓசூருக்குப் போனவர், சின்னச் சின்ன இரும்புச் சாமான்கள் அடிக்கும் ஒரு பட்டறையில் பிரஸ் ஆபரேட்டராகச் சேர்ந்து, இருபத்துமூன்று வருடமாக அதே பிரஸ் முன்னால் நின்றார். பவர் பிரஸ் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு இரும்பு உடம்பு. பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சுற்றும். அந்தச் சக்கரத்தின் வேகத்தில் மேல் அச்சு கீழே இறங்கி, தகட்டை வெட்டிவிட்டு ஏறும். தகட்டுக்கும் விரலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

கல்லூரியில் படித்த காலத்தில் அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். ஒரே அறை. நானும் அண்ணியும் கட்டில் பக்கம், அவர் கதவோரம். அவர் கை உழைத்த உழைப்பில்தான் நான் படித்தேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அவருடைய இடது சுண்டுவிரல் சின்ன வயதில் ஒடிந்து, சரியாகக் கூடாமல் விறைத்துப்போனது. டீ கிளாஸ் பிடித்தாலும், போன் பிடித்தாலும் அது மட்டும் தனியாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். மகாராஜா டீ குடிக்கிறார் பாருங்கள் என்று தெருவே கிண்டல் செய்யும்.

ஓர் ஆயுத பூஜைக்கு அண்ணியையும் என்னையும் பட்டறைக்குக் கூட்டிப் போனார். பிரஸ்ஸுக்குக் குங்குமம் வைத்து, மாலை போட்டு, அதன் உடம்பில் இடது உள்ளங்கையை வைத்துத் தலைகுனிந்து நின்றார். பிறகு அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் பிரஸ்ஸைத் தொட்டு நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு எல்லாம் தெரிந்தவள் என்று நினைத்துவிட்டேன்.

3

எட்டு மாதம் முன்பு ஒரு மதியம், என் பக்கத்து இருக்கைக்காரன் ஹென்ரிக் தன் திரையைக் காட்டினான். ரோபோவின் அசைவுகளுக்குப் பொறுப்பான பொறியாளன் அவன். நல்லவன், எதையும் இரண்டு தடவை கேட்பவன். திரையில் ஆசியா நான்கு, தொழிலாளர் எண் பதினேழு.

பிரஸ்ஸுக்குள் ஒரு துண்டு சிக்கிக்கொள்கிறது. விசையை அணைக்கிறார். துண்டை எடுக்க வலது கை உள்ளே போக வேண்டும். போவதற்கு முன்னால் இடது கையுறை எழுந்து பிரஸ்ஸின் உடம்பில் உள்ளங்கை பதிய அமர்கிறது. காட்சி மெல்லக் கீழே சாய்கிறது. அதாவது ஆள் தலைகுனிகிறார். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. பிறகுதான் வலது கை உள்ளே போகிறது. ஒவ்வொரு தடவையும் இதே போல.

"இது என்ன? எதற்காகச் செய்கிறார்?" என்று ஹென்ரிக் கேட்டான்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் வெட்கமும் இருந்தன. "கும்பிடுகிறார். எங்கள் ஊரில் தொழில் செய்யும் பொருளைத் தொட்டுக் கும்பிடுவது வழக்கம். வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்றேன்.

"நிச்சயமாகவா?"

"நான் அந்த ஊர்க்காரி."

அதற்கு மேல் அவன் என்ன கேட்பான்? அதே அசைவை ஒரு பிரேசில்காரர் செய்திருந்தால், 'தெரியவில்லை, விசாரிக்கவும்' என்று எழுதியிருப்பேன். ஊர்க்காரர் என்பதால் விசாரிக்கத் தோன்றவில்லை. 'மத வழக்கம், தேவையற்ற அசைவு' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மதிய உணவுக்கு அன்று என்ன சாப்பிட்டேன் என்பதுகூட நினைவில்லாத அளவுக்குச் சாதாரணமான நாள்.

நான் எழுதியது இரண்டு இடங்களுக்குப் போகும். ஒன்று ரோபோவுக்கு. அந்த அசைவுள்ள பகுதிகளையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு மீதியை அதற்கு ஊட்டுவார்கள். இன்னொன்று, படம் எடுத்த தொழிற்சாலைக்கே திரும்பிப் போகும். அங்கே ஆட்களின் மணிக்கட்டில் ஒரு பட்டி உண்டு. தேவையற்ற அசைவு வந்தால் அது அதிரும். நேரம் மிச்சப்படுத்த உதவி என்று அதற்குப் பெயர். இதுவும் எனக்குத் தெரிந்துதான் எழுதினேன்.

அந்தப் பதினேழாம் எண்ணைச் சுமார் மூன்று மாதம் பார்த்தேன். இடையில் ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தபோது என் மகள் இலக்கியா பின்னால் வந்து நின்றாள். ஒன்பது வயது. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்லுகிற கட்டத்துக்கு வந்துவிட்டாள். மாமாவோடு வீடியோ அழைப்பு என்றால் கையசைத்துவிட்டு ஓடிவிடுவாள், பேச வார்த்தை இல்லை.

அன்று திரையைப் பார்த்துவிட்டு, "மாமா" என்றாள்.

வேலைத் திரையை வீட்டார் பார்க்கக் கூடாது என்பது விதி. எட்டிப் பார்க்காதே என்று திட்டி, கதவைச் சாத்தி அனுப்பினேன்.

4

மூன்று மாதம் முன்பு அண்ணி போன் செய்தார். பிரஸ் இறங்கிவிட்டது, அண்ணனுக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

உடனே கிளம்ப வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அப்போது என் வசிப்பு அனுமதி புதுப்பித்தலுக்குப் போயிருந்தது. கையில் இருந்த தற்காலிகச் சீட்டோடு நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே வருவது சந்தேகம் என்றார்கள். அவசரப் பயண அனுமதி கேட்டு வெளிநாட்டவர் அலுவலகத்தில் நின்றேன். பதற்றத்தில் எனக்குத் தமிழ்தான் ஜெர்மனாக வந்தது. 'என் அண்ணனுக்கு விரல் போய்விட்டது' என்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "எங்கே போய்விட்டது?" என்று கேட்டார்.

கேலி இல்லை, அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. விளக்கினேன். வருத்தம் தெரிவித்தார். ஒரு பட்டியலைப் புரட்டினார். பெற்றோர், பிள்ளை, கணவன், மனைவி வரை இருந்தது. உடன்பிறந்தவர் அதில் இல்லை.

ஆகவே கட்டுப் போட்ட கையைத் திரையில் பார்த்தேன். அண்ணன் சிரித்தபடி, "ஒண்ணுமில்ல பாப்பா, இன்னும் எட்டு கெடக்குது" என்றார். எப்படி நடந்தது என்று நான் கேட்கவில்லை. அவர் மனசு நோகக் கூடாது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

5

இனி செவ்வாய்க்கிழமை.

எங்கள் கூடத்தில் சோதனைக்காக ஒரு பழைய பிரஸ் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். மேல் மாடியில் குவாண்டம் ஆராய்ச்சிக்காரர்கள். எங்கள் பிரஸ் ஓடினால் தங்கள் கருவி ஆடிப்போகிறது என்று அவர்கள் புகார் செய்ததால், காலை பத்து மணிக்குள் மட்டும் ஓட்டலாம். அன்று ரோபோவின் புதுப் பயிற்சியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கை, ஒரு தலை, தலையில் இரண்டு கேமரா. இடுப்புக்குக் கீழே சக்கரம் வைத்த பெட்டி.

"செல்வி, இங்கே வா. உங்கள் ஊர்க் கும்பிடு திரும்பி வந்துவிட்டது" என்று ஹென்ரிக் கூப்பிட்டான்.

போய்ப் பார்த்தேன். பிரஸ்ஸை அணைத்தார்கள். ரோபோவின் இடது கை எழுந்தது. பிரஸ்ஸின் உடம்பில் உள்ளங்கை அமர்ந்தது. தலை குனிந்தது. அதற்குச் சாமி கிடையாது, தலைகுனிய ஒரு காரணமும் கிடையாது. நான்கு விரலும் இரும்பில் பதிந்திருக்க, சுண்டுவிரல் மட்டும் தனியாகத் தூக்கிக்கொண்டு நின்றது.

மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"வெட்டி எறிந்ததை இது எங்கிருந்து கற்றது?" என்று ஹென்ரிக் தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அவனே கண்டுபிடித்தான். அந்த அசைவு முழுசாக இருந்த இடங்களைத்தான் வெட்டியிருக்கிறோம். பட்டி அதிரத் தொடங்கிய பிறகு பாதியில் நிறுத்தியவை, கை எழப் பார்த்துத் தாழ்ந்தவை எல்லாம் உள்ளேயே இருந்திருக்கின்றன. கையுறை உணரிகள் பதிவுசெய்த அதிர்வையும் யாரும் அழிக்கவில்லை. துண்டு துண்டாகக் கிடந்ததையெல்லாம் சேர்த்து ரோபோ அந்தக் கையை மறுபடி எழுப்பிக்கொண்டுவிட்டது.

"இன்னொன்று. எல்லா நேரமும் செய்வதில்லை. பெரிய சக்கரம் முழுசாக நின்றிருந்தால் நேரே கையை விடுகிறது. சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால் மட்டும்தான் கும்பிடுகிறது. தரை வழியாக வரும் அதிர்வு அதன் உணரிகளுக்கு எட்டுகிறது போல" என்றான்.

எல்லாரும் காபிக்குப் போனார்கள். நான் போகவில்லை. பத்து மணிக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. பிரஸ்ஸை ஓட்டி, அணைத்தேன். மோட்டார் சத்தம் அடங்கியது. சக்கரம் மூடிக்குள் இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கு எல்லாம் நின்றுவிட்டது போலத்தான் இருந்தது. ரோபோ கையை வைத்தது. தலையைக் குனிந்தது. காத்திருந்தது. நானும் அதன் பக்கத்தில் நின்று, அதன் கைக்கு ஒரு சாண் தள்ளி என் இடது கையை வைத்தேன்.

உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. மெல்லிய ஒரு நடுக்கம், உள்ளங்கைச் சதைக்கு மட்டும் தெரிகிற அளவுக்கு. அது குறைந்து, குறைந்து, இல்லாமல் போனது. அந்தக் கணமே ரோபோ இடது கையை எடுத்துக்கொண்டு வலது கையை உள்ளே விட்டது. கூடத்தில் என்னைத் தவிர ஆள் இல்லை என்று தெரியும், ஆனால் பக்கத்தில் ஆள் நிற்கிற உணர்வு போகவில்லை. அண்ணா என்று வாய்வரை வந்துவிட்டது.

6

மதிய இடைவேளையில் அழைத்தேன். அங்கே சாயங்காலம். அண்ணன் இடது கையில் போனைப் பிடித்திருந்தார்.

"அண்ணா, பிரஸ்ஸுக்குள்ள கைய வுடறதுக்கு முன்னாடி எடது கைய அது மேல வப்பியே, அது எதுக்கு?"

"சக்கரம் நின்னுச்சான்னு பாக்கத்தான். சுச்ச அணைச்சாலும் அது பாட்டுக்கு சுத்திக்கினு கெடக்கும். கிளட்ச்சு பழசு பாரு, சக்கரம் நிக்காத நேரத்துல புடிச்சிக்கிச்சுன்னா மேல இருக்கறது கீழ வந்துரும். சுத்தி பத்து மிஷினு ஓடுது, சத்தத்துல ஒண்ணும் கேக்காது. கையிலதான் தெரியும். தல குனிஞ்சு நின்னா இன்னும் கொஞ்சம் நல்லா தெரியும்."

"நான் சாமி கும்புடறன்னு நெனச்சேன்."

"அது ஆயுத பூஜைக்கு. தெனம் முந்நூறு தடவ எவன் கும்புடுவான்?" அவர் சிரித்தார்.

"அப்ப அன்னிக்கு ஏன் வக்கல?"

சிரிப்பு நின்றது. "நெத்திக்கு கேமரா, மணிக்கட்டுக்கு பட்டின்னு குடுத்தாங்க, வெளிய சொல்லக் கூடாதுன்னு எழுதி வாங்கிக்கினு. நடுவுல ஒரு நாள்லருந்து, மிஷின் மேல கைய வச்சாலே விர்ருனு அடிக்க ஆரம்பிச்சிச்சு. சூப்பர்வைசர கேட்டேன். மேல இருந்து வந்திருக்குது, அது வேலையில சேராதாம்னாரு. மொத மாசம் அடிச்சாலும் பரவால்லன்னு வச்சிக்கினேதான் இருந்தேன். அப்பறம் கையே போறதில்ல. அன்னிக்கு வக்கலாமேன்னு நெனச்சேன் பாப்பா. தூக்கினேன். பட்டி அடிக்குமேன்னு இழுத்துக்கினேன்."

"மேல இருந்துன்னா யாரு?"

"யாருக்குத் தெரியும். எவனாச்சும் பெரிய படிப்பு படிச்சவனா இருப்பான்."

வேறு எதையாவது கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் அடுத்ததைக் கேட்டேன். "இப்ப அந்த மிஷின்ல யாரு நிக்கறாங்க?"

"கோயில்பட்டிலருந்து வந்த ஒருத்தரு. கல்யாணமாயி நாலு மாசந்தான் ஆவுது. எல்லாத்தயும் நாந்தான் சொல்லிக் குடுத்தேன், கை வக்கறத மட்டும் சொல்லல. அதான் அடிக்குதே, எதுக்கு சொல்லணும்னு வுட்டுட்டேன்."

இலக்கியா கூப்பிடுகிறாள் என்று பொய் சொல்லி அழைப்பைத் துண்டித்தேன். அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

7

நடந்தது அண்ணனுக்கு, அதை மாற்ற முடியாது. ஆனால் நான் எழுதிய அந்த ஒரு வரி, நான் காபி குடித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், இன்னும் பல மணிக்கட்டுகளில் அடித்துக்கொண்டிருந்தது. கோயில்பட்டிக்காரர் காலை ஷிஃப்ட்டா, மதிய ஷிஃப்ட்டா என்றுகூட எனக்குத் தெரியாது. ஒவ்வொரு மணி நேரமும் எனக்கு அவருடைய வலது கையாகத்தான் போனது.

ஹென்ரிக்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டான். பிறகு, "சட்டப் பிரிவைக் கேட்டுவிட்டு எழுது. எழுதினால் அழிக்க முடியாது. வெள்ளிக்கிழமை உன் அனுமதிக்கு நேர்காணல் இருக்கிறது இல்லையா? வேலைச் சான்று வேண்டுமே" என்றான். என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னான்.

"சட்டப் பிரிவு எத்தனை நாள் எடுக்கும்?"

"இரண்டு வாரம்."

அன்று மாலையே எழுதினேன். 'இது மத வழக்கம் என்று நான் எழுதியது தவறு. விசாரிக்காமல் எழுதினேன். இது உயிர் காக்கும் அசைவு. இதைத் தடுத்ததால் தொழிலாளர் எண் பதினேழு இரண்டு விரல்களை இழந்தார். உடனே பட்டிகளை நிறுத்தவும்.' கீழே என் முழுப் பெயர். அனுப்பிவிட்டேன். வீரம் ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை மதியம் பட்டிகளைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். என் கணினிக் கணக்கையும் நிறுத்திவிட்டார்கள், விசாரணை முடியும்வரை. வெள்ளிக்கிழமை வெளிநாட்டவர் அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் அதே அம்மாள்தான். வேலைச் சான்றில் 'நிலை பரிசீலனையில்' என்று இருந்ததைப் படித்துவிட்டு, இன்னொரு தற்காலிகச் சீட்டை எடுத்தார். கண்ணாடிப் பலகையில் விரல்களை வைக்கச் சொன்னார். நான்கு, நான்கு, பிறகு கட்டைவிரல் இரண்டு. பத்தும் பச்சையாக ஒளிர்ந்தன. அவற்றைப் பார்க்க எனக்குக் கூசியது.

சனிக்கிழமை காலை அண்ணனை அழைத்தேன். பட்டியைக் கழற்றிவிட்டார்கள் என்று அவரே முதலில் சொன்னார், கோயில்பட்டிக்காரருக்கு நேரில் போய்க் கை வைத்துக் காட்டிவிட்டு வந்தாராம்.

நான் சொன்னேன். மேலே இருந்து வந்தது என்னிடமிருந்துதான் என்றேன். திரையில் பார்த்ததையும், கும்பிடு என்று சிரித்துக்கொண்டே எழுதியதையும் விடாமல் சொன்னேன். அழக் கூடாது என்று நினைத்திருந்தேன், முடியவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் கேட்டது வேறு. "எத்தினி நாள் பாத்த?"

"மூணு மாசம்."

"தெனமுமா?"

"தெனமும்."

"ஏம் பாப்பா, எங்கையின்னு தெரியலையா உனக்கு?"

தெரியவில்லை அண்ணா என்றேன்.